எச் வரிசைக்கு ஒரு குழந்தை

1959 செப்டம்பர் 19. கிளெண்டா ஆர்மரோட் பிறந்த தேதி. அவருடைய அம்மாவுக்கு அதில் எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை. ஹெல்டர்ஷா டவுன் கால்பந்துக் கிளப்புக்குத்தான் அது ஏழு வாரம் பிந்திய தேதி.

எங்கள் ஊரில் எல்லாருக்கும் இரண்டு வயது. வீட்டில் கேக் வெட்டும் வயது ஒன்று, ஆகஸ்ட் முதல் தேதி வயது ஒன்று. சீசன் டிக்கெட்டுக்கு இரண்டாவதுதான் செல்லும். அன்றைக்கு ஐந்து ஆகாத குழந்தைக்கு இலவசம். அதிலிருந்து பதினாறு ஆகும்வரை, பெரியவர் ஒருவரோடு வந்தால், வருடம் முழுவதற்கும் இருபத்தைந்து பவுண்டு. பதினாறைத் தொட்டதும் தொண்ணூற்றைந்து. பதினெட்டில் முந்நூற்று நாற்பது. அதற்குப் பிறகு நாற்பத்தேழு வருடம் கிளப் யாரிடமும் வயதைக் கேட்காது. அறுபத்தைந்தில் மறுபடி ஞாபகம் வந்து கேட்கும், நூற்றுப் பத்து குறைக்கும்.

இதனால் மில் லேன் மைதானத்தின் டிக்கெட் ஜன்னல் முன்னால் நிற்கும் தாய்மார்கள் பேசிக்கொள்வதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் திகைத்துப்போவார்கள். "ரெண்டு வாரம் பொறுத்துப் பொறந்திருக்கலாம், அவசரக்குடுக்கை" என்று ஒரு அம்மா தன் பையனைப் பார்த்துச் சொல்வாள். அவன் பதினாறு வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூலை மாதத்துக்காகத் தலையைக் குனிந்து நிற்பான்.

கிளெண்டாவின் சிக்கல் விலையில் இல்லை. இடத்தில் இருந்தது.

பழைய மர ஸ்டாண்டை இடித்துவிட்டு 1994-ல் குடும்ப ஸ்டாண்டைக் கட்டினார்கள். சிகரெட் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, கழிப்பறையில் கதவுகள் எல்லாம் இருக்கும். ஒரே ஒரு விதி: பதினாறுக்குக் கீழே ஒரு பிள்ளை கூட இல்லாமல் எந்தப் பெரியவருக்கும் அங்கே அனுமதி இல்லை. ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் இரண்டு பெரியவர்கள். சுழல்கதவில் பிள்ளையின் அட்டையைக் காட்டினால் மஞ்சள் விளக்கு, பெரியவர் அட்டைக்குப் பச்சை. மஞ்சள் எரியாமல் பச்சை எரிந்தால் வாசலில் நிற்பவர் கையை நீட்டித் தடுப்பார், அது மேயராக இருந்தாலும்.

கிளெண்டா அந்த முதல் வருடமே வந்தவர். அப்போது வயது முப்பத்து நான்கு, தொடக்கப் பள்ளி ஒன்றின் சமையலறையில் வேலை. எட்டு வயது ரேச்சல் ஒரு கையில், ஐந்து வயது நீல் மறு கையில். கணவர் கென்னுக்குக் கால்பந்து ஆகாது. 1997-ல் அவர் ஸ்பெயினுக்கு விடுமுறைக்குப் போய், திரும்புவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார். அந்த வாரமும் கிளெண்டா மைதானத்துக்கு வந்தார். எச் வரிசை, நாற்பத்தொன்றாம் இருக்கை. இரண்டு இருக்கை தள்ளி பஸ் டிரைவர் பாரி நட்டலும் அவர் மனைவி ட்ரிஷும். அவர்களும் முதல் வருடத்து ஆட்கள். கென் போனதைப் பற்றி பாரி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இடைவேளையில் ஒரு ஹாட் சாக்லேட் கூடுதலாக வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

2011 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை ஆட்டம் தொடங்கிய பிறகும் நாற்பத்தொன்று காலியாக இருந்தது. பாரி போன் செய்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. டவுன் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தது. பாரி எழுந்து, கிளெண்டா வீட்டுக்கு நடந்து போனார். பின்வாசல் படியில் உறைபனி வழுக்கிக் கணுக்கால் உடைந்து, காலை பத்தரையிலிருந்து கிளெண்டா அங்கேயே கிடந்தார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டவுன் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது பாரி வெளியே போனது அந்த ஒரு தடவைதான் என்று எச் வரிசையில் இன்றைக்கும் சொல்வார்கள்.

தான் ஒருநாள் வராவிட்டால் கவனிக்கும் ஆட்கள் கிளெண்டாவுக்கு அந்த வரிசையில்தான் இருந்தார்கள். வீட்டில் அவர் தனி. நீல் ஆஸ்திரேலியாவில், ரேச்சல் லீட்ஸில்.

பிள்ளைகளுக்கு வயது ஏறும், நிற்காது. 2002-ல் ரேச்சலுக்குப் பதினாறு. 2005-ல் நீலுக்கு. அந்த வருடம் தங்கை மகன் கிரெய்க்குக்கு ஆறு வயது. அவன் வந்து உட்கார்ந்தான். 2015-ல் அவனுக்கும் பதினாறு ஆனது. இரண்டு வீடு தள்ளி நஸ்ரின் என்று ஒரு பெண். மருந்துக்கடையில் வேலை, சனிக்கிழமை முழுநாள். அவள் மகள் சாய்ராவுக்கு அப்போது ஏழு. "சனிக்கிழமை புள்ளய என்கிட்ட விடேன்" என்று கிளெண்டா கேட்டார். நஸ்ரினுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. சாய்ரா ஒன்பது வயதில் ஆஃப்சைடைப் பற்றி உதவி நடுவரோடு வாக்குவாதம் செய்தாள்.

சாய்ரா பிறந்தது ஜூலை 21.

2024 பிப்ரவரியில் அடுத்த சீசனுக்கான அறிவிப்பு வந்தது. மே 31-க்குள் புதுப்பித்தால் அதே இருக்கை. ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பதினொரு நாள் முன்னால் சாய்ராவுக்குப் பதினாறு முடிந்துவிடும். குடும்ப ஸ்டாண்டுக்கு அவள் பெரியவள். பிரதான ஸ்டாண்டில் மூத்தோர் சலுகைக்கு கிளெண்டா சின்னவர்.

"அவளுக்கு வயசு ஏறிப்போச்சு, எனக்கு ஏறல" என்று பள்ளிச் சமையலறையில் சொல்லிச் சிரித்தார். சிரித்தாலும் அந்த வாரம் முழுக்க ஆள் நிலையில் இல்லை. இருநூறு பிள்ளைகளுக்கான மசித்த உருளைக்கிழங்கில் இரண்டு முறை உப்புப் போட்டார் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டிக்கெட் ஜன்னலுக்குப் போனார். உள்ளே யுவோன் பில்லிங். இருபது வருடமாக அந்த ஜன்னலில் இருப்பவர்.

"புதுசா ஒரு ஜூனியர் சேக்கணும் யுவோன். எச் நாப்பத்திரெண்டு."

"பேரு?"

"இன்னும் வைக்கல."

"பொறந்த தேதி?"

"ஜூலை ஒம்போது."

"வருஷம்?"

"இந்த வருஷம்தான்."

யுவோன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தார். "ஏம்மா, இந்த வருஷத்து ஜூலை இன்னும் வரவே இல்லையே."

"வரும்ல? வராம எங்க போகும்? ரேச்சலுக்கு அஞ்சு மாசம். டாக்டரே தேதி குடுத்துட்டாரு." கைப்பையிலிருந்து ஸ்கேன் படத்தை எடுத்து ஜன்னலுக்குள் தள்ளினார். "போட்டோ வேணும்னா இதோ."

"இதுல மூஞ்சி எது?"

"நீ தலகீழா வெச்சிருக்க."

யுவோன் நல்ல மனுஷி. தட்டிப் பார்த்தார். கம்ப்யூட்டர் சிவப்பில் எதையோ காட்டியது. "வயசு மைனஸ்னு வருது, கிளெண்டா."

"அப்போ அஞ்சுக்குக் கீழதானே? இலவசம்."

வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "யுவோன், எனக்கு அடுத்த வருஷம் கல்யாணம் ஆனாலும் ஆகும். ரெண்டு ஜூனியர் போட்டு வை" என்றான் ஒருவன். "மொதல்ல பொண்ணப் பாருடா" என்றது இன்னொரு குரல்.

யுவோன் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். போன வருடம் டவுன் மேல் பிரிவுக்கு ஏறியதிலிருந்து குடும்ப ஸ்டாண்டில் ஒரு இருக்கையும் காலி இல்லை. நாற்பது குடும்பங்கள் காத்திருக்கின்றன. "பொறந்தாத்தான் கார்டு, கண்ணு. மே முப்பத்தொண்ணுக்கு உன் பக்கத்துல ஒரு புள்ளைக்குப் பேர் இல்லன்னா, அந்த எடம் என் கையில இல்ல."

கதை சாயங்காலத்துக்குள் ரசிகர்களின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் பிறக்காத பிள்ளைக்கு வாழ்த்து, அதற்கு எந்த ஆட்டக்காரர் பெயரை வைக்கலாம் என்று ஒரு வாக்கெடுப்பு. ஆஸ்திரேலியாவில் காலை எழுந்த நீல் அதைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை ரேச்சல் லீட்ஸிலிருந்து வந்து இறங்கினார். கிளெண்டா சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் மகள் ஆரம்பித்தார்.

"என் கொழந்தைக்கு இன்னும் பேர் இல்ல. கட்டில் வாங்கல. அதுக்குள்ள எச் வரிசையில உக்கார வெச்சிட்ட."

"உக்கார எல்லாம் வேண்டாம். மடியில வெச்சுப்பேன்."

"நான் இருக்கிறது லீட்ஸ்ல. ஒண்ணு விட்டு ஒரு சனிக்கிழமை பார்சல் கட்டி அனுப்பணுமா?"

"நேரா ரயில் இருக்கு."

"அம்மா!"

"சரி, சரி. உக்காரு மொதல்ல. நிக்காத."

ரேச்சல் உட்கார்ந்தார். "எனக்கு ஃபுட்பால் புடிக்குமான்னு எட்டு வருஷத்துல ஒரு நாளாச்சும் கேட்டியா நீ?"

"அந்தக் கத்துக் கத்துவியே!"

"குளிருக்குக் கத்தினேன்."

"ஹாட் சாக்லேட்டு புடிச்சுதுல்ல?"

"அது புடிச்சுது" என்று ரேச்சல் ஒப்புக்கொண்டார். கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் கேட்க வந்ததைக் கேட்காமல் போகவில்லை. "எங்களுக்காக அந்த எடமா? இல்ல அந்த எடத்துக்காக நாங்களா? எனக்கு இன்னைக்குத் தெரியணும்."

கிளெண்டா சீவிய கிழங்கைத் தண்ணீரில் போட்டார். அடுத்ததை எடுத்தார்.

"மொதல்ல உங்களுக்காகத்தான்."

"அப்புறம்?"

"ரெண்டாயிரத்தி அஞ்சுலேருந்து மாறிப்போச்சு. நீலுக்குப் பதினாறு ஆச்சு. அந்த மே மாசம் நான்தான் உங்க சித்திக்குப் போன் பண்ணி, கிரெய்க்க சனிக்கிழமை குடுன்னு கேட்டேன். அவன் எங்கிட்ட கேக்கல. சாய்ராவும் கேக்கல."

அம்மா மழுப்புவார், சண்டை போடலாம் என்று வந்தவர் ரேச்சல். வருடத்தோடு பதில் வந்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை. எழுந்து இன்னொரு கத்தியை எடுத்துக்கொண்டு, தானும் ஒரு கிழங்கைச் சீவ ஆரம்பித்தார். தன் குழந்தை எந்த அட்டையிலும் ஏறாது என்பதை மட்டும் ஊருக்குக் கிளம்பும்போது இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மறுவாரம் சாய்ரா வந்தாள். பள்ளிப் பையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"பரீட்சையில கோட்டை விட்டியா?"

"இல்ல. நானும் எமிலியாவும் ஹஃப்சாவும் அடுத்த சீசனுக்கு வடக்கு முனையில டிக்கெட் எடுக்கறதா இருக்கோம்."

வடக்கு முனை என்றால் கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கும் இடம். இருக்கை கிடையாது. பாட்டு உண்டு, முரசு உண்டு, முன்னால் நிற்பவனின் பீர் தலையில் கொட்டுவதும் உண்டு.

"தொண்ணூறு நிமிஷமும் நின்னுகிட்டா?"

"உக்காந்து ஒம்போது வருஷம் ஆச்சு ஆன்ட்டி."

கிளெண்டா சிரித்துவிட்டார். சாய்ராவுக்குத் தைரியம் வந்தது. "நான் ஜூலையில பொறந்தது நல்லதாப் போச்சு. இல்லன்னா இத உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியாம இன்னொரு வருஷம் உக்காந்திருப்பேன்."

"எத்தன நாளா மனசுல வெச்சிருந்த?"

"ரெண்டு வருஷமா."

அன்றிரவு சாப்பாட்டை முழுதாக முடிக்கவில்லை என்று கிளெண்டா சொன்னார். சாய்ரா போவதில் அவருக்கு வருத்தமில்லை. அந்த இரண்டு வருடத்தில் ஏறக்குறைய ஐம்பது ஆட்டம். ஒன்றில்கூடத் தனக்குத் தெரியவில்லையே என்பதுதான்.

குடும்ப ஸ்டாண்டில் இப்படி மாட்டிக்கொண்ட முதல் ஆள் கிளெண்டா அல்ல. எச் வரிசையிலும் ஜே வரிசையிலும் பிள்ளைகளை மாற்றி மாற்றி உட்கார வைத்தே முப்பது வருடம் ஓட்டியவர்கள் பலர் உண்டு. அண்ணன் பிள்ளை, வாடகைக்குக் குடியிருப்பவரின் பிள்ளை, தேவாலயத்தில் பார்த்த பிள்ளை. கிளப்பின் விதி ரத்த உறவைக் கேட்பதில்லை. பிள்ளையின் பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். பாரிக்கும் ட்ரிஷுக்கும் மூன்று பேரப்பிள்ளைகள். இரண்டு பெரியவர்களுக்கு ஒரு பிள்ளை போதும் எனும்போது, பாரி தன் சரக்கைக் கணக்குப் பார்த்தார்.

ஏப்ரல் தொடக்கத்து ஆட்டம் ஒன்றின் இடைவேளையில் விஷயத்தை எடுத்தார்.

"கேளு கிளெண்டா. எங்ககிட்ட உபரி இருக்கு. மார்னிய எடுத்துக்கோ. ஆறு வயசு. பத்து வருஷம் ஓடும்."

"பழைய கார் விக்கிற மாதிரி பேசுறியே."

"நல்ல கண்டிஷன்" என்றார் ட்ரிஷ். "முன்னால பல்லு ரெண்டு இல்ல, அது வந்துடும்."

"அவ அம்மா ஒத்துப்பாளா?"

"அவளா? சனிக்கிழமை வீட்ல ஒரு புள்ள கொறஞ்சா டான்ஸ் ஆடுவா."

மார்னியின் அம்மா ஆட்சேபம் சொல்லவில்லை. யுவோன் படிவத்தைத் தயார் செய்து வைத்தார். கிளெண்டாவுக்கு மறுபடி தூக்கம் வந்தது. எழுபத்து நான்கு வயதுவரை எச் வரிசை. அதற்குப் பிறகு இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை, அந்த சீசனின் கடைசி உள்ளூர் ஆட்டம். சாய்ரா தோழிகளோடு வடக்கு முனையை ஒத்திகை பார்க்கப் போயிருந்தாள். அவள் இருக்கையில் மார்னி வந்து உட்கார்ந்தாள், இதுவும் ஒத்திகைதான். அண்ணன்மார் இருவரும் பாரிக்கு அந்தப் பக்கம்.

"நீங்கதான் கிளெண்டாவா?"

"ஆமா கண்ணு."

"நான் உங்க டிக்கெட்டாம். தாத்தா சொன்னாரு."

"தாத்தா சொன்னா சரிதான்."

"டிக்கெட்டுன்னா நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்தா போதும்."

"எவ்ளோ நேரம்?"

ஆட்டம் தொடங்கி ஏழு நிமிடம் ஆகியிருந்தது. "கொஞ்ச நேரம்தான்" என்றார் கிளெண்டா.

மார்னி உட்கார்ந்தாள். இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்து, முதுகை நிமிர்த்தி, பள்ளியில் போட்டோ எடுக்கும்போது உட்கார்வது போல. பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது ஸ்டாண்டே எழுந்து நின்றது. அவள் எழவில்லை. அண்ணன்மார் சிப்ஸ் வாங்க ஓடினார்கள். "நீயும் போ" என்றார் கிளெண்டா. தலையை ஆட்டினாள். இடைவேளைக்கு விசில் ஊதி எல்லாரும் கால் நீட்டப் போனபோதும் அவள் அப்படியே இருந்தாள். ஒரு காலை மற்றொரு காலோடு பின்னி இறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவருக்கு அதன் அர்த்தம் தெரியும்.

"பாத்ரூம் போகணுமா?"

மார்னி கால்களை இன்னும் இறுக்கினாள்.

"ஏய், அடக்கக் கூடாது. வா, நான் கூட்டிட்டுப் போறேன்."

"நான் எந்திரிச்சா உங்கள வெளிய அனுப்பிடுவாங்கல்ல?" என்று கேட்டாள் மார்னி. கண்ணில் தண்ணீர் நின்றது. "தாத்தா சொன்னாரு, நான் இல்லன்னா நீங்க இங்க இருக்க முடியாதாம்."

கிளெண்டா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வந்தபோது இரண்டாம் பாதி ஆரம்பித்திருந்தது. கைகளைக் கழுவிவிட்டு வந்த மார்னி நேராக இருக்கையில் ஏறி மறுபடி அதேபோல உட்கார்ந்தாள். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது. பாரி குனிந்து, "எப்படி நம்ம பொண்ணு?" என்று கேட்டார். "தங்கம்" என்றார் கிளெண்டா.

மே மாதம் முழுக்க யுவோனின் மேசையில் படிவம் காத்திருந்தது. 31-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பள்ளி வேலை முடிந்து கிளெண்டா ஜன்னலுக்கு வந்தார்.

"வந்துட்டியா. எங்க வராம போயிடுவியோன்னு பாத்தேன்" என்றார் யுவோன். "எல்லாம் ரெடி. இங்க ஒரு கையெழுத்து."

"வேண்டாம் யுவோன். எச் வரிசைய விட்டுடறேன்."

"என்ன சொல்ற?"

"பெரியவங்க எடத்துல ஒண்ணு குடு. பிரதான ஸ்டாண்டுல."

யுவோன் காரணம் கேட்கவில்லை. திரையைப் பார்த்தார். "முந்நூத்தி நாப்பது ஆகும்."

"செப்டம்பர் பத்தொம்போது எனக்கு அறுபத்தஞ்சு. ஏழு வாரம். கண்ண மூடிக்கக் கூடாதா?"

"ஆகஸ்ட் ஒண்ணு, கண்ணு. உனக்குக் கண்ண மூடினா நாளைக்கு இந்த ஊர்ல அறுபத்திநாலு வயசுக்காரன் எல்லாம் இந்த ஜன்னல்லதான் நிப்பான்."

"கேட்டுப் பாத்தேன்."

"கேளு, கேளு. தப்பில்ல." மறுபடி திரையைப் பார்த்தார். "மிச்சம் இருக்கறது சி வரிசை பன்னெண்டு. முன்னால தூண் ஒண்ணு இருக்கு. வடக்கு கோல்ல பாதி தெரியாது. அதான் மிச்சம்."

"எந்தப் பாதி?"

"இடது."

"போடு" என்றார் கிளெண்டா.

பாரிக்கு அன்று மாலையே தெரிந்துவிட்டது. போனில் பேசும் வழக்கம் இல்லாத மனிதர். நேரே வந்து கதவைத் தட்டினார்.

"மார்னி என்ன தப்பு பண்ணா?"

"ஒரு தப்பும் பண்ணல."

"பின்ன என்ன? முப்பது வருஷம் பக்கத்துல உக்காந்தவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலையா?"

"அவ ஒண்ணுமே பண்ணல பாரி. அசையக்கூட இல்ல. ஆறு வயசுப் புள்ள. எனக்காக மூத்திரத்த அடக்கிட்டு உக்காந்திருந்தா."

பாரிக்கு இது தெரியாது. "நான் சும்மா வெளையாட்டுக்குத்தான் அவகிட்ட அப்படிச் சொன்னேன்."

"தெரியும். வெளையாட்டுன்னு அவளுக்குத் தெரியாது. என் பொண்ணுக்கும் தெரியல. சாய்ரா ரெண்டு வருஷம் வாயைத் தொறக்கல. இன்னும் பத்து வருஷத்துக்கு இன்னொரு புள்ளய என்னால கட்டிப் போட முடியாது."

"அந்த ஸ்டாண்டுல உனக்கு யாரத் தெரியும்?"

"யாரையும் தெரியாது."

"நீ ஒரு நாள் வரலன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? நடுவுல மைதானமே இருக்கு."

"போன் இருக்குல்ல?"

"அன்னைக்கும் போன் இருந்துச்சு. நீ எடுக்கல."

டீ குடிக்கிறாயா என்று கேட்டார் கிளெண்டா. பாரி வேண்டாம் என்றார். பிறகு உள்ளே வந்து குடித்துவிட்டுத்தான் போனார்.

ஜூன் 3-ஆம் தேதி, எச் நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும் காத்திருந்த நாற்பது குடும்பங்களில் முதலாவதாக இருந்தவருக்குப் போயின. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒபின்னா என்பவரும் அவருடைய ஒன்பது வயது மகளும். ஒரு வருடமாக அந்த மகள்தான் வாராவாரம் யுவோனுக்குப் போன் போட்டு இடம் காலியா என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம்.

ரேச்சலுக்கு ஜூலை பதின்மூன்றில் ஆண் குழந்தை பிறந்தது. கிளெண்டா ஒரு வாரம் லீட்ஸில் தங்கித் துணி துவைத்து, சமைத்து வைத்துவிட்டு வந்தார். கால்பந்துப் பேச்சை எடுக்கவில்லை. ரேச்சல்தான் ஒரு நாள், தூண் எவ்வளவு அகலம் என்று விசாரித்தார்.

புது சீசனின் முதல் உள்ளூர் ஆட்டம் ஆகஸ்ட் பத்தாம் தேதி, மூன்று மணிக்கு. தான் ஒருநாள் வராவிட்டால் இனி கவனிக்கவேண்டியவர் பக்கத்து இருக்கைக்காரர்தான்; சி வரிசை பதின்மூன்று யாருடையது என்று கிளெண்டா யுவோனிடம் கேட்டார். பெயரைச் சொல்ல கிளப்புக்கு அனுமதி இல்லை.